கோட்டுக்கு மேலே

மாமாவின் அடிமட்டம் இப்போது மாமியின் முதுகு சொறியப் பயன்படுகிறது. கட்டிலின் தலைமாட்டில், துளைக்குள் நூல் கோத்து ஓர் ஆணியில் தொங்குகிறது. கறுத்த மரம், ஒரு விளிம்பில் பித்தளைத் தகடு. அங்குலக் கோடுகள் பாதி தேய்ந்துபோய்விட்டன. மாமா இதைப் பார்த்திருந்தால் உங்கள்மேல் நீதிமன்ற அவமதிப்பு வழக்குப் போட்டிருப்பார் என்று நான் மாமியைச் சீண்டுவதுண்டு. "அவர்தான் போயிட்டாரே பிள்ளை. முதுகு இன்னும் என்னோடைதானே கிடக்கு" என்பார் மாமி.

மாமா என் கணவரின் தகப்பனார். இலங்கையில் நீதவானாகத் தொடங்கி மாவட்ட நீதிபதியாக ஓய்வு பெற்றவர். மன்னார், மட்டக்களப்பு, பதுளை என்று அரசாங்கம் அனுப்பிய ஊர்களிலெல்லாம் தனி ஆளாக விடுதிகளில் காலம் தள்ளியவர். மாமி பிள்ளைகளோடு யாழ்ப்பாணத்தில் இருந்தார். வீடு, காணி, கிணறு, குத்தகைக்காரர், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் மாமியின் தலையில். கிழமைக்கு ஒரு கடிதம் மாமாவிடமிருந்து வரும். அந்தக் கடிதங்களுக்கு அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். முதலில் காரியம்: வேலி, குத்தகை, கூரை, வரி. தீர்ப்பில் போடுவதைப்போல ஒவ்வொன்றுக்கும் இலக்கம். காரியம் முடிந்ததும் இந்த அடிமட்டத்தை வைத்துத் தாளின் குறுக்கே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே குடும்பம். "வழக்கையும் வீட்டையும் ஒரு பானையிலை போட்டு அவிக்கக் கூடாது" என்பது அவருடைய வாக்கு. கந்தோரில் அடிமட்டம் இருந்தாலும் சொந்தக் கடிதத்துக்கு அரசாங்கத்தின் பொருளைத் தொடமாட்டேன் என்று, தன் முதற் சம்பளத்தில் இதை வாங்கினாராம். அவர் போட்ட கோடு கோணலாகிப் போன ஒரு கடிதத்தையும் நான் பார்த்ததில்லை.

நான் கல்யாணம் செய்து மொன்றியலுக்கு வந்தபோது மாமாவும் மாமியும் எங்களோடுதான் இருந்தார்கள். சென்ட் லோரன்டில், பேருந்து தரிப்பிடத்தைப் பார்த்தபடி மூன்றாம் மாடியில் ஒரு வாடகை வீடு. பால் வாங்கத் தெப்பனேர் என்கிற தெருமுனைக் கடைக்குப் போவதென்றாலும் மாமா சட்டையை அயர்ன் பண்ணி, கழுத்துப்பட்டி கட்டி, அதற்கு மேல்தான் குளிர் அங்கியை மாட்டுவார். கடைக்காரர் அவரை "முசியே லெ ஜுஜ்", நீதிபதி ஐயா, என்று பிரெஞ்சில் கூப்பிடுவார். மாமா தலையை அரை அங்குலம் அசைத்து "பொன்ஜூர்" என்பார். வழக்கை ஆரம்பிக்கலாம் என்பதுபோல இருக்கும். ஊர்ச் சனங்கள் சங்கத்துச் சண்டை, சம்பந்தம் பேசிக் குழம்பியது என்று வந்து வரவேற்பறையில் நின்றபடியே முறையிடுவார்கள். மாமாவின் தீர்ப்பு எப்போதும் வெட்டொன்று துண்டிரண்டு. தேத்தண்ணீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும். எனக்கு அவரிடம் சரியான பயம். அவருக்கு முன்னால் கதவைக்கூடச் சத்தமில்லாமல் சாத்தப் பழகியிருந்தேன்.

அந்தக் கடிதங்கள் எல்லாவற்றையும் மாமி ஒரு தலையணை உறைக்குள் போட்டு, வாயைத் தைத்து, விமானத்தில் கைப்பையோடு கொண்டுவந்திருந்தார். ஊரைவிட்டு ஓடும்போதும் அதுதான் கூடவே ஓடியதாம். மாமி எழுதிய பதில்களை மாமாவும் ஒழுங்காகக் கோப்பில் போட்டுத்தான் வைத்திருந்தார். அவை வீட்டோடு எரிந்துவிட்டன. ஆகவே எங்களிடம் இருந்தது ஒரு பக்கத்துப் பேச்சு மாத்திரம்.

என் வேலையும் பழைய கடிதங்களோடுதான். மலையடிவாரத்து நூலகம் ஒன்றில், அரிய தாள்கள் வைக்கும் பிரிவில் இருக்கிறேன். மடிப்பு நீக்கி, கிழிசல் ஒட்டி, எந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று விவரம் எழுதி வைப்பது என் பொறுப்பு. நான் சேர்ந்த காலத்தில் என் மேசைக்கு வந்தவை ஓர் அமெரிக்க நீதிபதியின் கடிதங்கள். அமெரிக்கா தனி நாடாகிக் கொஞ்சக் காலமே ஆகியிருந்தபோது வாழ்ந்தவர். குதிரையில் ஊர் ஊராகப் போய் வழக்குக் கேட்டவர். அவருடைய வழியில் வந்த ஒரு பெண் மொன்றியலில் வாழ்க்கைப்பட, அவளோடு கடிதங்கள் இருந்த பெட்டியும் வந்து, கடைசியில் நூலகத்தைச் சேர்ந்திருக்கிறது. தம்பிக்கு, மனைவிக்கு, வியாபாரிகளுக்கு என்று எழுதி, அனுப்புமுன் தன்னிடம் எடுத்து வைத்துக்கொண்ட கைப்படிகள். மா அரைக்கும் ஆலையின் குத்தகை, எல்லைத் தகராறு, குதிரைக்கு லாடம். அதன் கீழே வீட்டு நடப்பு. ஆனால் அந்த வீட்டு நடப்பைப் பெரும்பாலும் நாங்கள் பார்க்க முடியாது. வாரிசுகளில் யாரோ ஒருவர் கத்தரிக்கோலை எடுத்து, குடும்பப் பகுதிகளை வெட்டித் தம்மோடு வைத்துக்கொண்டு, காரியப் பகுதிகளை மட்டும் நூலகத்துக்குத் தந்திருக்கிறார். அந்த மனிதர் தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை. நீதிபதி இரண்டு பக்கமும் எழுதுபவர். முன்பக்கத்தை வெட்டினால் பின்பக்கமும் சேர்ந்துதானே துண்டாகும்?

அப்படித் துண்டான ஒரு கடிதம் என்னைப் பிடித்துக்கொண்டது. தம்பிக்கு எழுதியது. முன்பக்கம் ஆலைக் குத்தகை. பின்பக்கத்தில், வெட்டுக்கு மேலே தப்பிய வரிகளில், சின்ன மகளுக்குக் காய்ச்சல் விடவில்லை என்று இருக்கிறது. கடைசி வரி, "இன்று காலை அவள்" என்று தொடங்குகிறது. அதற்குக் கீழே கத்தரிக்கோல் போன வழிதான்.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது இதைச் சொன்னேன். மாமி சோற்றுக் கரண்டியைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டார். "பேந்து அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் மாறிட்டுதோ?" தெரியாது மாமி என்றேன். "அதெப்பிடித் தெரியாமல் போகும்? தேடிப் பாக்கேல்லையோ?" மாமா பருப்பைப் பிசைந்துகொண்டே, "வெட்டினவன் செய்தது சரி. குடும்பக் கதை குடும்பத்துக்கு. ஊராருக்கு எதுக்கு?" என்றார். மாமி அவரைத் திரும்பிப் பார்க்கவேயில்லை. அதற்குப் பிறகு நான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதெல்லாம், அடுத்த வீட்டுப் பிள்ளையை விசாரிப்பதுபோல, "அந்தப் பிள்ளைக்கு மாறிச்சுதாமோ?" என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டார்.

சில வருடங்கள் கழித்து யாழ்ப்பாணத்திலிருந்து கிணற்றடிக் காணியின் பிரச்சினை வந்து சேர்ந்தது. மாமாவின் பங்குக்கு வந்த துண்டு அது. நாங்கள் யாரும் அங்கே இல்லாத காலத்தில் மாமாவின் தமையனின் மகன் அதையும் சேர்த்து வேலி அடைத்து, தன்னுடையது என்று இருந்துவிட்டார். காணி உறுதிப் பத்திரங்கள் எரிந்துபோயிருந்தன. ஊரில் மாமா ஒரு வழக்கறிஞரைப் பிடித்தார். மாமாவின் வாயில் அவர் எப்போதும் அப்புக்காத்துதான். அந்தக் காணியை நீங்கள் ஆண்டு அனுபவித்ததற்கு எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று அப்புக்காத்து கேட்டார். மாமாவிடம் இருந்தது. கிணற்றைக் கட்டு, வேலியை அடை என்று வருடக்கணக்காக எழுதிய கடிதங்கள். ஆனால் நகல் போதாது, மூலக் கடிதங்களே வேண்டும், வழக்கு முடியும்வரை அவை நீதிமன்றத்தில்தான் இருக்கும் என்றார் அப்புக்காத்து. "அவர் சொல்லுறது சரிதான். நான் எண்டாலும் மூலம்தான் கேட்டிருப்பன்" என்றார் மாமா.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் என்னைக் குசினி மேசைக்குக் கூப்பிட்டார். கண்ணில் நீர் அழுத்தம் வந்து அவருக்கு அப்போது எழுத்தெல்லாம் புகைமூட்டம். மேசையில் தலையணை உறை, அடிமட்டம், கத்தரிக்கோல். என் கணவர் வேலைக்குப் போயிருந்தார். மாமி எங்களுக்கு முதுகைக் காட்டியபடி அடுப்பில் எதையோ தாளித்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, உமக்குக் கடதாசி வெட்டத் தெரியும். கிணத்தடிக் காணி வாற கடுதாசியளை எடும். கோட்டிலை பிடிச்சு நேரா வெட்டும். மேல்பாதி அப்புக்காத்துக்கு."

நான் ஒவ்வொன்றாக எடுத்து மேல்பாதியை வாசித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, சாட்சியைக் கேட்பதுபோல் கேட்டார். மூன்றாவதோ நான்காவதோ முடிந்தபோது, "கோட்டுக்குக் கீழையும் ஒருக்கால் வாசியும் பாப்பம்" என்றார். நான் வாசித்தேன். "பிள்ளைகள் சுகமென நம்புகிறேன். உமது உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்."

"வேறை ஒண்டும் இல்லையோ?"

"இல்லை மாமா."

"அடுத்ததை வாசியும்."

அடுத்ததிலும் அதுதான். அதற்கு அடுத்ததில் பிள்ளைகள் என்பதற்குப் பதில் குழந்தைகள் என்று இருந்தது. மாமா முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். வெளியே பனிவாரும் வண்டி இரைந்துகொண்டு போனது.

"வெட்டும்" என்றார். "கீழ்ப்பாதியை எரிச்சுப்போடும்."

நான் கத்தரிக்கோலை எடுக்கவில்லை. மறுபக்கமும் எழுத்திருக்கிறது மாமா, வெட்டினால் அதுவும் போய்விடும் என்று மெல்லச் சொன்னேன். "மறுபக்கத்தை ஆர் இப்ப கேட்டது?" என்று அதட்டிவிட்டு, கிட்டக் கிடந்த கடிதத்தைத் தானே இழுத்து, தடவித் தடவி அடிமட்டத்தைக் கோட்டில் வைத்து, ஒரு மூலையைப் பிடித்துக் கிழிக்கத் தொடங்கினார். கந்தோர்காரர் தாளைக் கிழிக்கும் முறை அது. கத்தரிக்கோல் தேவையில்லை. தாள் ஒரு பெருவிரல் அகலத்துக்குக் கிழிந்திருக்கும், அடுப்பு நின்ற சத்தம் கேட்டது.

"ஆரின்ரை கடுதாசியை ஆர் கிழிக்கிறது?"

மாமி அகப்பையோடு மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். மாமாவுக்கு எதிராக அவருடைய குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான்.

"நான் எழுதினது" என்றார் மாமா.

"எழுதினது நீங்கள்தான். ஆருக்கு எழுதினது? தபால்காரன் ஆரின்ரை கையிலை குடுத்தவன்? நீங்கள் நீதவான், நீங்களே சொல்லுங்கோ. வந்து சேர்ந்த கடுதாசி ஆருக்குச் சொந்தம்?"

மாமாவுக்குச் சட்டம் தெரியும். அதுதான் அவருக்கு வந்த வில்லங்கம். பொய் சொல்லவும் அவரால் முடியாது. அடிமட்டத்தின் மேல் இருந்த விரல்கள் அசையாமல் கிடந்தன. "வாங்கின ஆளுக்குச் சொந்தம்" என்றார் கடைசியில்.

"அப்ப கையை எடுங்கோ."

எடுத்தார். ஆனால் குரல் வேறாகிவிட்டது. "இஞ்சரும், நீர் விளங்காமல் கதைக்கிறீர். கீழை என்ன கிடக்கு? எல்லாத்திலையும் அதே இரண்டு வரி. நாளைக்குப் பிள்ளையள் எடுத்து வாசிச்சால், அப்பா அம்மாவுக்கு இவ்வளவுதானோ எழுதினவர் எண்டு கேப்பினம். நான் என்னத்தைச் சொல்லுறது? இருந்தால்தானே சொல்லலாம்." எத்தனையோ பேருக்குத் தீர்ப்புச் சொன்ன வாய் இப்படிக் கெஞ்சியது. காணி அல்ல அவருக்குப் பிரச்சினை. ஒரு நல்ல கணவனாகவும் தகப்பனாகவும் இருந்தேன் என்பதற்கு அவரிடம் அத்தாட்சி இல்லை; இருந்த அத்தாட்சியும் தனக்கு எதிராகவே பேசுகிறது என்று நினைத்துவிட்டார்.

மாமி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கிழிந்த கடிதத்தைத் தூக்கி என்னிடம் தந்தார். "பிள்ளை, கோட்டுக்கு மேலை வாசி."

மன்னாரிலிருந்து எழுதியது. "ஒன்று. கிணற்றுக் கட்டை மழைக்கு முன் இரண்டடி உயர்த்தவும். இரண்டு. வேலை முடியும்வரை கிணற்றடிப் படலைக் கதவை வெளிப்பக்கமாகக் கட்டி வைக்கவும். மூன்று. வடக்கு வேலியை அடைக்கவும். நான்கு. விறகை மாரிக்கு முன்னரே ஆள் பிடித்துக் கொத்தி அடுக்கவும். அதை நீர் தூக்க வேண்டாம்."

"காணும்" என்றார் மாமி. மாமாவைப் பார்த்துச் சொன்னார்: "நான் உங்களுக்கு என்ன எழுதினனான் எண்டு நினைவிருக்கோ? இவன் தத்தித் தத்தி நடக்கிறான் எண்டு ஒரு வரி எழுதினனான். மறு தபாலிலை கிணத்துக் கட்டை உயர்த்தச் சொல்லி வந்தது. வடக்குப் பக்கத்தாலை கண்ட கண்ட ஆக்கள் வந்து போகினம், தனிய இருக்கப் பயமாக் கிடக்கு எண்டன். வேலி அடைக்கச் சொல்லி வந்தது. விறகு கொத்தச் சொன்னது ஏன்? நான் அப்ப இளையவளோடை வயிறும் பிள்ளையுமா நிண்டன். கீழை நீங்கள் எழுதினதை ஆரும் எழுதுவினம். மேலை எழுதினதை நீங்கள் மட்டும்தான் எழுதுவியள். இவ்வளவு காலமும் நான் மேலைதான் வாசிச்சனான்."

கட்டை உயர்த்தியது யாருக்காகவோ அந்தத் தத்தித் தத்தி நடந்தவன்தான் என் கணவர். கிணற்றில் விழாமல் வளர்ந்து, மொன்றியலில் என்னைக் கல்யாணம் செய்து, அந்த நேரம் வேலைத்தளத்தில் ஓவர்டைம் செய்துகொண்டிருந்தார்.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டாலும் கழற்றினாலும் அவருக்கு ஒன்றுதான். பிறகு, "தீர்ப்பு நாளைக்கு" என்று எழுந்து போனார். மாமி மறுபடி அடுப்பை மூட்டினார்.

மறுநாள் காலை கழுத்துப்பட்டியோடு வந்து உட்கார்ந்து, அப்புக்காத்துக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வேண்டிய கடிதங்கள் இருக்கின்றன. அவை என் மனைவியின் உடைமை. அவற்றைப் பிரிய அவருக்குச் சம்மதமில்லை. ஆகவே வழக்குப் போட விரும்பவில்லை. காணி தமையனின் மகனிடமே இருக்கட்டும். அதோடு முடித்துவிட்டார் என்று நான் பேனையை வைக்கப் போனேன். "இன்னும் ஒண்டு எழுதும்" என்றார். "கிணற்றுக் கட்டை இடிக்க வேண்டாமென்று மட்டும் அவருக்குச் சொல்லவும். அவருடைய வீட்டிலும் சிறு பிள்ளை இருப்பதாகக் கேள்வி."

அடிமட்டத்தை எடுத்து, இதற்குக் கீழே கோடு போடவா மாமா என்று கேட்டேன்.

"வேண்டாம்" என்றார். "இனிக் கோடு வேண்டாம்."

காணி போனதில் என் கணவருக்கு மனத்தாங்கல் இருந்தது. வெல்லக்கூடிய வழக்கை அப்பா வீணாக விட்டுவிட்டார் என்று சில நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். நான் ஒரு நாள் அந்த மன்னார்க் கடிதத்தைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். கட்டிலில் இருந்து வாசித்தார். காணியைப் பற்றி அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. கடிதத்தின் ஓரத்தில் இருந்த கிழிசலை ஒட்டித் தருகிறேன் என்றேன். நூல் இழையளவும் தெரியாமல் ஒட்டுவது என் தொழில். மாமி சம்மதிக்கவில்லை. "கிடக்கட்டும் பிள்ளை. அதுவும் அவர்தான்."

அடுத்த மாரியில் மாமா போய்விட்டார். நெஞ்சுச் சளி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது, திரும்பி வரவில்லை. கடைசி நாட்களில் அவர் பேசியதெல்லாம் காரியம்தான். வெளிப்படியில் பனி உறையாமல் உப்புப் போட்டாச்சோ, மாமி வழுக்கி விழுந்துவிடுவார். மாமியின் அறை வெப்பமூட்டி சத்தம் போடுகிறது, ஆளைக் கூப்பிட்டுக் காட்டவும். முன்பென்றால் இந்த மனிதருக்குச் சாகப்போகும் நேரத்திலும் வேறு கதை இல்லையா என்று நினைத்திருப்பேன். அன்று கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நான் அவரில் எவ்வளவு அன்பு வைத்திருந்தேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. ஆனால் அவரிடம் உப்புப் போட்டாச்சு மாமா என்றுதான் சொன்னேன்.

ஆண்டுத் திவசம் முடிந்த பிறகு மாமி பழையபடி விசாரிக்கத் தொடங்கினார். நான் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். "அந்தப் பிள்ளையின்ரை காய்ச்சல் என்னமாதிரி?" வெட்டிய துண்டுகள் கிடைக்கவில்லை மாமி, இனிக் கிடைக்காது என்றேன். மாமி என்னை ஏளனமாகப் பார்த்தார். "அவரும் நீதவான்தானே? கோட்டுக்கு மேலை தேடிப் பாரன்."

படித்த படிப்பும் பார்த்த வேலையும் இருந்தும் எனக்கு அது தோன்றவில்லை. வீட்டுச் செய்தியை நான் வீட்டுக் கடிதங்களிலேயே தேடிக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் வியாபாரிகளுக்கு எழுதியவை இருந்த பெட்டியைத் திறந்தேன். ஆணி, உப்பு, விதை என்று எனக்கு முன் இருந்தவர் விவரம் எழுதிக் கட்டி வைத்தவை. குடும்பம் என்று ஒன்றும் இல்லாததால் கத்தரிக்கோலுக்குத் தப்பியவை. மதியச் சாப்பாட்டுக்கும் எழும்பாமல் புரட்டினேன். தோல் பொருள்கள் என்ற கட்டுக்குள், நகரத்துச் சப்பாத்துக்காரர் ஒருவருக்கு எழுதிய கடிதம் கிடைத்தது. காய்ச்சல் கடிதம் வசந்த காலத்தில். இது அதே வருடத்து இலையுதிர் காலத்தில். குதிரைச் சேணத்துக்கு இரண்டு வார். தனக்கு ஒரு சோடி பூட்ஸ். அதற்குக் கீழே, வசந்தத்தில் நோயாகக் கிடந்த சின்ன மகளுக்கு ஒரு சோடி, பழையது இனிக் கொள்ளாது, பாதத்தின் நீளம் இவ்வளவு, நுனியில் கொஞ்சம் இடம் விடவும் என்று எழுதியிருந்தார்.

அன்றைக்கு மெத்ரோ ரயிலில் இருக்கவே முடியவில்லை. வீட்டுக் கதவைச் சத்தமாகத் திறந்துகொண்டு, சப்பாத்தையும் கழற்றாமல் மாமியின் அறை வாசலில் நின்று சொன்னேன். மாமி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எத்தினை அங்குலம் எண்டு எழுதியிருக்கு?"

"ஆறே கால், மாமி."

மாமி கையை நீட்டித் தலைமாட்டு ஆணியிலிருந்து அடிமட்டத்தைக் கழற்றினார். சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, தேய்ந்த கோடுகளை நகத்தால் ஒவ்வொன்றாக எண்ணிப் போய், ஆறே காலில் பெருவிரலை வைத்தார். ஒரு முனையிலிருந்து அந்த விரல்வரை இருந்த சின்னப் பாதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நடந்து திரிஞ்சிருக்கிறாள்" என்றார். "நுனியிலை இடம் விடச் சொல்லியிருக்கிறார், பாத்தியே? வளருவாள் எண்டு. எங்கடை ஆளை மாதிரித்தான்."

பெருவிரலை அவர் உடனே எடுக்கவில்லை.